பொத்தான் ஆணி அடித்த கவச வண்டி

காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் முதலில் கேட்டது மூச்சுச் சத்தம்தான். இரண்டு ஆம்பிளைகளின் மூச்சு. ஒன்றில் இலேசான இழுப்பு இருந்தது. அது என் கணவர் குகனுடையது. குளிர் தொடங்கினால் அவருக்கு நெஞ்சு இழுக்கும்.

விட்பி என்ற ஊருக்கு வடக்கே, சோளம் வெட்டி முடிந்த வயலொன்றில் நின்றுகொண்டிருந்தேன். சப்பாத்துக்குள் ஈரம் ஏறியிருந்தது. எனக்கு முன்னால் கறுப்பு இரும்புப் பெட்டிபோல ஒரு குதிரை வண்டி. அதற்குள் குகனும் அவருடைய சிநேகிதர் நஸீரும் பூட்டிக்கிடந்தார்கள். வெளியே, முகத்தில் லேஞ்சி கட்டிய நான்கைந்து கொள்ளைக்காரர்கள் தடிகளால் வண்டியில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பயப்பட வேண்டாம், எல்லாம் படத்துக்காகத்தான். குதிரைகள்கூட அப்போது வண்டியில் இல்லை. தூரத்தில் போர்வை போர்த்தபடி புல் தின்றுகொண்டிருந்தன.

எனக்குக் கொடுத்திருந்த வேலை சின்னது. ஒலிப்பதிவு செய்ய வந்தவரும் கொள்ளைக்காரனாக நடிக்கப் போய்விட்டதால் ஹெட்போன் என் தலைக்கு வந்துவிட்டது. பிளேன் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிளேன் வரவில்லை. ஆனால் கையைத் தூக்கலாமா என்று நான் தவித்த நேரம் அது.

இடிபட்ட வான்

நஸீர் நானாவை (நானா என்றால் அண்ணன்) நாங்கள் கண்டுபிடித்தது எங்கள் வான் வண்டியால். மிசிசாகாவில் என் கணவர் வேலை செய்யும் இடத்துக் கார் பார்க்கில் யாரோ வானின் பின்பக்கத்தை நெளித்துவிட்டுப் போய்விட்டார்கள். ரெக்ஸ்டேலில் ஒரு கராஜில் தமிழ் ஆள் ஒருவர் தகடு தட்டுகிறார், வேலை சுத்தம் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோனோம்.

பெயின்ற் அடிக்கும் முகமூடியோடு ஒருவர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றி இவரைப் பார்த்தார். பிறகு நெளிவைப் பார்த்தார். திரும்பவும் இவரைப் பார்த்தார்.

"டேய் குகன், ஆள் மொத்திப்போனாய். ஆனா நடை மாறேல்லை."

இவர் கையிலிருந்த வான் திறப்பு கீழே விழுந்தது.

இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள் தமிழ் இயக்கக்காரர்தான்; அவர்கள் கையில் துவக்கு இருந்தது. பொழுதுபடுமுன் நஸீர் நானாவின் தெரு முழுவதும் வெறுமையாகிவிட்டது. அதன்பிறகு இவர் சிநேகிதனைக் கண்டது ரெக்ஸ்டேலில்தான்.

அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்றாகிப்போனோம். நோன்பு காலத்தில் அவர்கள் வீட்டுக் கஞ்சி எங்களுக்கு வரும். பொங்கலுக்கு அவர்கள் வருவார்கள். நஸீர் நானாவின் மனைவி ரிஹானா எனக்குச் சகோதரி மாதிரி; என்னை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். ஆண்கள் இருவரும் கதைக்காத கதையில்லை. வாத்திமார், கிரிக்கெட், கொலஸ்ரோல், மோர்கேஜ்.

அந்த ஒருநாளைத் தவிர. அதைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் தீர்மானிக்கவுமில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டுவிட்டுச் சுற்றி இருப்பதுபோல, அப்படியே பழகிவிட்டது.

நஸீரின் தமிழ் வசனங்கள்

அவர்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது கௌபாய் படம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன நாட்களில் வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்ப்பார்கள். நஸீர் நானாவின் வீட்டில் சொந்தமாகவே ஒன்று இருந்தது. வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது.

இங்கிலிஷ் படங்களின் பேச்சு இருவருக்கும் விளங்காது. அதனால் நஸீர் நானா தானே தமிழில் வசனம் சொல்லுவாராம். தொப்பியைச் சரித்துப் போட்ட வில்லன், "மச்சான், ஒரு பிளேன்ரீ போடு" என்பானாம். ஷெரிப் அவனைப் பார்த்து, "முதல் பழைய கணக்கை முடி" என்பானாம்.

அந்தப் படங்களில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது கவச வண்டி. கறுத்த வண்டி, பக்கமெல்லாம் இரும்புத் தகடு, துவக்கு நீட்ட ஒரு சின்னத் துவாரம், இழுக்க ஆறு குதிரை. உள்ளே தங்கம். பள்ளத்தாக்கில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். மேலே பாறைக்குப் பின்னால் கொள்ளைக்காரர் காத்திருப்பார்கள்.

"படத்தில கவச வண்டி வந்திட்டுதெண்டா உள்ளுக்க இருக்கிறவன் சாகப்போறான் எண்டு அர்த்தம்" என்பார் நஸீர் நானா. "அவன்ர பேரையும் சொல்லமாட்டாங்கள்."

எனக்கு இந்த மோகம் விளங்கியதில்லை. நான் வளர்ந்த இடத்தில் கவச வண்டி என்றால் ஆமிக்காரர் ஏறிவரும் பவல் வண்டி. தூரத்தில் அதன் இரைச்சல் கேட்டதும் அம்மா அடுப்பை அணைப்பா. நாய் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போகும். பின்னாளில் எல்லாப் பக்கத்திலும் உழவு மெசினுக்கும் லொறிக்கும் தகடு அடித்துச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

"இதையெல்லாம் கண்டபிறகும் உங்களுக்கு ஏன் உந்தப் படங்கள்?" என்று இவரைக் கேட்டிருக்கிறேன்.

"அது குதிரை இழுக்கிற வண்டியப்பா. எங்களைச் சுடாது" என்றார்.

பொஹீமியா விவசாயிகள்

எங்கள் பக்கத்து வீட்டு அபி சினிமா படித்தவள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு தமிழ்க் கௌபாய் குறும்படம் எடுக்கப்போகிறேன், ஒரு கவச வண்டி வேண்டும் என்று வேலிக்கு மேலால் அவள் சொன்ன அன்றைக்கு இவர் சாப்பிடவே மறந்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் ஒரே யுத்த சரித்திரம். இவர் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் வாசிப்பார். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டு நேரம் எனக்குச் சொல்லுவார்.

பொஹீமியா என்று ஒரு நாடாம். அறுநூறு வருசம் இருக்கும். அங்கே விவசாயிகள், கதிர் ஏற்றும் வண்டிகளின் பக்கங்களில் தடித்த பலகைகளைத் தொங்கவிட்டு, சில்லோடு சில்லைச் சங்கிலியால் பிணைத்து, வட்டமாக நிறுத்திவிடுவார்களாம். நடுவில் பெண்களும் பிள்ளைகளும். தலையிலிருந்து கால்வரை இரும்பு உடுத்து வந்த குதிரைப் படை அந்த வட்டத்தை உடைக்க முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது.

"கமக்காரன்ர வண்டில் மாடு, பிரபுக்களின்ர குதிரையை வெண்டிட்டுது" என்றார். மாடா குதிரையா இழுத்தது என்று அவருக்கே நிச்சயமில்லை.

பிறகு அமெரிக்காவின் மேற்கே தங்கம் தோண்டிய காலத்தில், பயணிகள் வண்டிக்குள் உருக்குத் தகடு வைத்து ஓட்டினார்களாம். தகடு தடிக்கத் தடிக்க வண்டி மெதுவாகும். ஏற்றத்தில் குதிரை மூச்சு வாங்கும். கொள்ளைக்காரனுக்கும் அதுதான் வேண்டியது. ஏற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "உள்ளுக்கு இருந்த சனம் என்னத்தைக் கதைச்சிருக்கும்?"

"அதை ஒருத்தரும் எழுதேல்லை" என்றார் இவர்.

பொத்தான்கள்

வண்டி எங்கள் கராஜில்தான் உருவானது. ஒரு விவசாயியிடம் பழைய வைக்கோல் வண்டிலொன்று கிடைத்தது. வான் வெளியே குளிரில் நிற்க, வண்டில் உள்ளே நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெக்ஸ்டேலிலிருந்து நஸீர் நானா தன் சாமான் பெட்டியோடு வருவார்.

முதல் நாளே இருவருக்கும் வாக்குவாதம்.

"ஒரிஜினல் இரும்பு அடிக்கவேணும்" என்றார் இவர்.

"அடிக்கலாம். குதிரை இழுக்காது. இழுத்தாலும் உன்ர டிரைவ்வே தாங்காது."

"அப்ப என்னத்தாலதான் செய்யிறது?"

"பிளைவுட். மேல மெல்லிசாத் தகரம். பெயின்ற்றில நான் இரும்பாக்கித் தாறன்."

கடைசியில் பிளைவுட்தான் வென்றது. தகட்டைப் பொருத்தியிருக்கும் உருண்டை ஆணிகளுக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. நான் டொலர் கடையில் குளிர்க்கோட்டுப் பொத்தான்கள் பொதி பொதியாக வாங்கிவந்து கொடுத்தேன். ஒட்டிக் கறுப்பு அடித்ததும் நல்ல ஆணியாகிவிட்டன. நஸீர் நானா ஒன்றைச் சுரண்டிப் பார்த்து, "தங்கச்சி, உங்களை வேலைக்கு எடுத்தாச்சு" என்றார்.

முன்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நத்தார்ப் பண்டிகை ஊர்வலத்துக்கோ என்று கேட்டார். ஓம் என்றுவிட்டார் இவர். விளங்கப்படுத்துவதைவிட அது சுகம்.

வண்டிக்குள் இருக்கும் இரண்டு காவல்காரர்களாக நடிக்க அபி முதலில் வேறு ஆட்களைத்தான் பார்த்து வைத்திருந்தாள். ஒருநாள் கராஜ் வாசலில் நின்று இவர்கள் சண்டை பிடிப்பதைக் கேட்டவள், "அங்கிள், நீங்கள் ரெண்டு பேரும்தான். பிளீஸ். வேற ஒருத்தரும் வேண்டாம்" என்றாள்.

பூட்டிய கதவு

இனி அந்த வயலுக்கு வருகிறேன்.

அபி அவர்களை உள்ளே ஏற்றும்போது சொன்னது இவ்வளவுதான். "வெளியில கொள்ளைக்காரர் அடிக்கினம். தப்பேலாது எண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் பழைய ஃபிரெண்ட்ஸ். என்ன வேணுமெண்டாலும் கதையுங்கோ. ஸ்கிரிப்ட் இல்லை."

கதவு மூடியது. உள்ளே சின்னக் கமரா ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். தடியடி தொடங்கியது.

கொஞ்சநேரம் மூச்சு மட்டும். பிறகு இவருடைய குரல், நாடகத் தமிழில். "வெளியே நிறையப் பேர் நிற்கிறார்கள், நண்பா."

நஸீர் நானா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அண்டைக்கும் நிறையப் பேர் நிண்டவை" என்றார். "உன்னைத்தான் காணேல்லை."

அபி திரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவளுக்கு அது நல்ல நடிப்பு. எனக்கு, பிளேன் வருகிறது என்று பொய்யாகக் கையைத் தூக்கி நிறுத்திவிடலாமோ என்றிருந்தது.

எண்டைக்கு என்று இவர் கேட்கவில்லை.

"சந்தியில எங்களை நிரையில நிப்பாட்டி வைச்சிருந்தவங்கள்" என்றார் நஸீர் நானா. சத்தம் உயரவில்லை. கடைக்குப் போன கதை சொல்வதுபோலச் சொன்னார். "உம்மான்ர காதில கிடந்ததையும் கழட்டச் சொன்னாங்கள். நான் உங்கட ஒழுங்கைப் பக்கம் பாத்துக்கொண்டே நிண்டனான். வாப்பா கேட்டவர், உன்ர சிநேகிதன் வருவானோ எண்டு. வருவான் எண்டு சொன்னனான்."

தடிகள் வண்டியில் விழுந்துகொண்டேயிருந்தன.

"வீட்டிலதான் நிண்டனான்" என்றார் இவர். நாடகத் தமிழ் போய்விட்டது. "ஸ்பீக்கரில சொன்னது கேட்டது. அம்மா கேற்றைப் பூட்டிப்போட்டா. மதிலால பாஞ்சு வந்திருக்கலாம். பாயேல்லை."

"பயந்தனியோ?"

"ஓம்."

"நானெண்டாலும் பயந்திருப்பன். ஆனா ஒருக்கா வந்து நிண்டிருக்கலாமடா. ஒண்டும் செய்யவேண்டாம். சும்மா தெருக்கரையில வந்து நிண்டிருந்தாக் காணும்."

அதற்குப் பிறகு ஹெட்போனில் தடிச் சத்தம் மட்டும்தான். அபி மெல்ல "கட்" என்றாள். கொள்ளைக்காரர்கள் தடியைப் போட்டுவிட்டுக் கையை ஊதிச் சூடாக்கினார்கள். கதவைத் திறந்தார்கள். இவர்கள் உடனே இறங்கவில்லை.

நஸீர் நானாதான் முதலில் இறங்கினார். காற்சட்டையைத் தட்டிவிட்டு, "வெளிச்சம் போகுது பிள்ளை, இன்னொருக்கா எடுக்கவேணுமோ?" என்று கேட்டார்.

"இல்லை அங்கிள். இவ்வளவும் காணும்."

அபி பிறகு என்னைத் தனியே கூப்பிட்டாள். "அன்ரி, அது ரியல், என்ன?"

ஓம் என்றேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட வீட்டில எல்லாக் கதையும் சொல்லுவினம். இதைச் சொன்னதில்லை."

நான் என் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கேட்கப் போனது

அடுத்த சனிக்கிழமை நஸீர் நானா வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. வேலை முடிந்துவிட்டதுதானே, வர என்ன தேவை என்று இவர் சொன்னார். ஆனால் வாசலில் கார் திரும்பும் சத்தம் கேட்டால் எழும்பிப் பார்ப்பார். நான் ரிஹானாவுக்குப் போன் எடுத்தேன். "இவர் ஒண்டும் சொல்லேல்லை, லாத்தா. நல்லாச் சாப்பிடுறாருமில்லை" என்றாள்.

"போய்ப் பாருங்கோவன்" என்றேன் இவரிடம்.

"போய் என்னத்தைச் சொல்லுறது?"

"சொல்லப் போகவேண்டாம். கேக்கப் போங்கோ. சந்தியால பிறகு அவையள் எங்க போனவை எண்டு நீங்கள் ஒருக்காலெண்டாலும் கேட்டனீங்களோ?"

அந்த ஞாயிறு மத்தியானம் ரெக்ஸ்டேலுக்குப் போனோம். அடுக்குமாடி லிப்டில் யாரோ வீட்டு இறைச்சிக் கறி வாசம். நஸீர் நானா கதவைத் திறந்து, "வா" என்றார். கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை.

ரிஹானா தேத்தண்ணி வைத்தாள். இவர் கோப்பையைத் தொடவில்லை.

"நஸீர், அண்டைக்குச் சந்தியால வெளிக்கிட்டபிறகு என்ன நடந்தது? எனக்குச் சொல்லு."

நஸீர் நானா மனைவியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

கால்நடையாக நடந்ததும், கொஞ்சத் தூரம் லொறியில் போனதும், மழை பிடித்ததும். வாப்பா தையல் மெசினின் தலைப்பகுதியைச் சாரத்துணியில் சுற்றித் தோளில் கொண்டுவந்ததும், வழியில் நின்றவர்கள் அதையும் பறித்ததும். காட்டு வழியில் யாரோ ஒரு தமிழ்க் குடும்பம் கிணற்றடியில் நின்று எல்லாருக்கும் தண்ணி வார்த்ததும். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் மாதக்கணக்காக இருந்ததும். கடைக்குட்டித் தங்கச்சி அங்கே காய்ச்சல் கண்டு, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகுமுன்னே போய்விட்டதும்.

இவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. ரிஹானா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பாதி புதுசு என்று பிறகு சொன்னாள்.

எல்லாம் முடிந்தபின் நஸீர் நானா, "படத்தில அந்தக் கதையை வெட்டச் சொல்லி அபியிட்டச் சொல்லுவம்" என்றார். "நாலு பேர் பாத்தா உன்னைப் பிழையாக் கதைப்பாங்கள்."

"வெட்டவேண்டாம்" என்றார் இவர்.

"உன்ர பிள்ளையள் பாக்குமடா."

"பாக்கட்டும்."

நஸீர் நானா எழும்பிப் போய், ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் கொட்டிவிட்டு, இவருக்குத் தானே புதிதாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். இவர் குடித்தார்.

401இல்

படம் பனிக்காலம் முடியுமுன் ஸ்காபரோவில் ஒரு சின்ன மண்டபத்தில் காட்டப்பட்டது. வண்டி பள்ளத்தில் இறங்கி வரும்போது எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே அவர்கள் கதைக்கும்போது கைதட்டல் நின்றது. முடிந்தபிறகு ஒருவர் எழும்பி, இந்தப் பழசை இப்ப என்னத்துக்குக் கிளறுறியள் என்று கேட்டார். வேறொருவர் எழும்பாமல் இருந்த இடத்திலேயே அழுதார். எங்கள் மகள் வீடு வரும்வரை தகப்பனின் கையை விடவில்லை.

ஆனால் என் மனதில் நிற்பது மண்டபம் அல்ல. ரெக்ஸ்டேலில் இருந்து திரும்பிவந்த அந்த ஞாயிறு.

401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இவர் ரேடியோ போடவில்லை. விக்ரோரியா பார்க் தாண்டும்போது திடீரென்று, "அந்தப் பிள்ளையை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"அவன்ர தங்கச்சி. படம் பாக்க நாங்கள் இருந்தா வந்து என்ர மடியில ஏறி நித்திரையாப் போயிடும். எழுப்பாம அசையாம இருப்பன். கால் விறைச்சிடும்." கொஞ்சத் தூரம் போனபின் சொன்னார். "பேர் மறந்துபோச்சு. அவன் கதை முழுக்கத் தங்கச்சி தங்கச்சி எண்டுதான் சொன்னவன். கேக்க எனக்கு வெக்கமாப்போச்சு."



அடுத்த எக்சிற்றில் இறங்கினார். கோப்பிக் கடையொன்றின் பார்க்கிங்கில் வானை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே போனை எடுத்தார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"என்னடா, எதையும் விட்டிட்டுப் போட்டியே?" என்றார் நஸீர் நானா.

"நஸீர், கடைக்குட்டிக்கு என்ன பேர்? மறந்துபோனன்."

மறுபக்கத்தில் ரிஹானா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீரை நிறுத்தும் சத்தமும் கேட்டது.

"பர்ஹானா" என்றார் நஸீர் நானா.

"பர்ஹானா" என்று இவர் திருப்பிச் சொன்னார்.